ஒரு சர்வரில் ஓடும் ஆப், இரண்டு சர்வரில் ஏன் உடைகிறது?

ஒரு வெப் ஆப் ஒரே சர்வரில் மாதக்கணக்கில் சிக்கலில்லாமல் ஓடுகிறது. கூட்டம் கூடியதும் அதே புரோகிராமை இன்னொரு சர்வரிலும் ஏற்றி, வரும் ரிக்வெஸ்ட்டுகளைப் பிரித்து அனுப்பும் ஒரு லோட் பேலன்சரை இரண்டுக்கும் முன்னால் வைக்கிறார்கள். அன்றைக்கே புகார்கள் வரத் தொடங்கும். லாகின் செய்தவர் அடுத்த க்ளிக்கிலேயே வெளியே தள்ளப்படுகிறார். ஏற்றிய படம் ஒரு தடவை தெரிகிறது, ரிஃப்ரெஷ் செய்தால் காணோம். காலையில் போகவேண்டிய மெயில் எல்லோருக்கும் இரண்டிரண்டாகப் போகிறது. இத்தனைக்கும் புரோகிராமில் ஒரு வரிகூட மாறவில்லை.

காரணம் முதல் சர்வரில்தான் இருக்கிறது. யார் லாகின் செய்திருக்கிறார், எந்தப் படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, இன்றைய மெயில் போய்விட்டதா என்று பல விஷயங்களை அது தன் மெமரியிலும் டிஸ்கிலும் வைத்துக்கொண்டு வேலை செய்துவந்தது. ஒரு ரிக்வெஸ்ட் முடிந்த பிறகும் அடுத்த ரிக்வெஸ்ட்டுக்குத் தேவைப்படுகிற இந்தத் தகவல்களைத்தான் ஸ்டேட் என்கிறோம். இவற்றை எல்லாம் சர்வருக்கு வெளியே, எல்லா சர்வர்களும் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்துவிட்டால் அந்த சர்வர் ஸ்டேட்லெஸ். ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாறி எந்த டாக்டர் வந்தாலும் கேஸ் ஷீட்டைப் பார்த்து வைத்தியத்தைத் தொடர முடிகிறதே, அந்த மாதிரி.

இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இந்த சர்வரை இந்த நிமிடமே அழித்துவிட்டால் யாருக்கு என்ன தொலைந்துபோகும்? "பாதியில் இருந்த ஓரிரு ரிக்வெஸ்ட், வேறொன்றுமில்லை" என்பது பதிலானால் நல்லது. வேறெது தொலைந்தாலும் அது இடம் மாறவேண்டிய பொருள்.

"எனக்கு ஒரே சர்வர் போதும், இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். உண்மையில் நிறைய ஆப்களுக்கு ஒரு சர்வர் தாராளம். ஆனால் தடையில்லாமல் புதிய வெர்ஷனை ஏற்ற நினைத்தால், பழையதும் புதியதும் சில விநாடிகளாவது சேர்ந்து ஓடித்தான் ஆகவேண்டும். அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது இரண்டு சர்வர். தவிர, கிளவுடில் ஒரு மெஷின் நிரந்தரம் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அடியிலுள்ள ஹார்டுவேர் பழுதானால் அது நின்றுபோகும். ஆப்பைக் கன்டெய்னராக, அதாவது தேவையானதையெல்லாம் சேர்த்துக் கட்டிய தனிப் பொட்டலமாக ஓட்டினால், ஒவ்வொரு டிப்ளாய்க்கும் (புதிய வெர்ஷனை ஏற்றும் ஒவ்வொரு முறையும்) பழைய கன்டெய்னர் அதன் டிஸ்கோடு சேர்ந்து மறையும்.

லாகின் ஏன் கழன்றுகொள்கிறது

பயனர் பாஸ்வேர்டைக் கொடுக்கிறார். லோட் பேலன்சர் அதை சர்வர் ஒன்றுக்கு அனுப்புகிறது. அது ஒரு செஷன் எண்ணை உருவாக்கி, "இந்த எண் இந்தப் பயனருடையது" என்று தன் மெமரியில் எழுதிக்கொண்டு, எண்ணை மட்டும் குக்கீயாக பிரவுசருக்குக் கொடுக்கிறது. அடுத்த ரிக்வெஸ்ட் சர்வர் இரண்டுக்குப் போகிறது. குக்கீ சரியாகவே வந்து சேர்கிறது, ஆனால் அந்த எண் யாருடையது என்று சர்வர் இரண்டுக்குத் தெரியாது. லாகின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

ரிக்வெஸ்ட்டுகள் இரண்டு சர்வருக்கும் சமவாய்ப்பில் போகின்றன என்று வைத்துக்கொண்டால், லாகினுக்குப் பிறகு 5 க்ளிக்கும் அதே சர்வருக்கே போய்ச் சேர வாய்ப்பு 32-ல் 1. அதனால்தான் இந்தக் கோளாறு "சில சமயம் வருகிறது, சில சமயம் வருவதில்லை" என்ற தோற்றத்தில் வந்து ஆளைக் குழப்புகிறது. டெவலப்பரின் லேப்டாப்பில் ஒரே ஒரு புராசஸ் ஓடுவதால் அங்கே ஒருநாளும் வராது.

வெப் ஆப் எழுதப் பயன்படும் கருவிகளில், பிஎச்பி இயல்பாகவே செஷனை லோக்கல் டிஸ்கில் ஃபைலாக எழுதுகிறது. எக்ஸ்பிரஸின் செஷன் பேக்கேஜ் மெமரியில் வைக்கிறது. புரொடக்‌ஷனில் ஓட்டினால் இது சரிவராது என்று அதுவே எச்சரிக்கை காட்டும், யாரும் படிப்பதில்லை. ஜாங்கோ இயல்பாக டேட்டாபேஸில் வைப்பதால் தப்பித்துக்கொள்கிறது. ரெயில்ஸும் ஃபிளாஸ்க்கும் செஷன் முழுவதையும் குக்கீக்குள்ளேயே போட்டு அனுப்பிவிடும். குக்கீ ஒன்றுக்கு ஏறத்தாழ 4,096 பைட்தான் அளவு என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது. தேர்ந்தெடுத்த பொருள்களின் பட்டியலையெல்லாம் செஷனில் திணித்தால் ஒருநாள் குக்கீ சேமிக்கப்படாமலே போகும்.

குக்கீ வழியில் இன்னொரு பொறி உண்டு. குக்கீயில் யாரும் கைவைக்காமல் இருக்க ஒரு ரகசியச் சாவியால் அதில் கையெழுத்திடுகிறார்கள். ஆப் தொடங்கும்போது ரேண்டமாக ஒரு சாவியை உருவாக்கிக்கொள்ளும்படி சிலர் எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சாவி. ஒன்று போட்ட கையெழுத்தை இன்னொன்று போலி என்று தள்ளிவிடும். ஒரே சர்வரில் 4 வொர்க்கர் புராசஸ்கள் தனித்தனியாக ஆப்பை லோட் செய்தாலும் இதே கதைதான். சாவியை ஒருமுறை உருவாக்கி, என்விரான்மென்ட் வேரியபிளாகவோ கிளவுடின் சீக்ரெட் மேனேஜர் வழியாகவோ எல்லாப் பிரதிகளுக்கும் ஒரே சாவியாகக் கொடுங்கள்.

பெரும்பாலான ஆப்களுக்கு ஏற்ற வழி, செஷனை ரெடிஸிலோ (எல்லா சர்வர்களும் பார்க்கக்கூடிய, மெமரியில் இயங்கும் வேகமான சேமிப்பு) டேட்டாபேஸ் டேபிளிலோ வைப்பது. ரெடிஸ் என்றால் செஷன் எண்ணை கீயாக வைத்து, 30 நிமிடம் போல ஆயுள் கொடுத்து, ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஆயுளை நீட்டிக்கலாம். இதிலும் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, கேஷுக்கும் (அடிக்கடி தேவைப்படும் தகவலின் தற்காலிகப் பிரதி) செஷனுக்கும் ஒரே ரெடிஸைப் பயன்படுத்துவது. மெமரி நிரம்பினால் நெடுநாள் தொடாத கீகளைத் தூக்கிப்போடு என்ற அமைப்பு கேஷுக்குச் சரி. அதே அமைப்பில் செஷன்களும் சேர்ந்து பறிபோகும், கூட்டம் அதிகமான நாளில் பயனர்கள் காரணம் தெரியாமல் லாக்அவுட் ஆவார்கள். ஆகவே தனித்தனி ரெடிஸ். இரண்டு, பயனரின் முழு ஆப்ஜெக்ட்டையும் செஷனில் சேமிப்பது. அடுத்த டிப்ளாயில் அந்தக் கிளாஸில் ஒரு ஃபீல்டு மாறினால் பழைய செஷன்களைப் படிக்கும்போது எரர் வெடிக்கும். பயனர் ஐடியும் லாகின் நேரமும் செஷனுக்குப் போதும், மற்றதை டேட்டாபேஸிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டிக்கி செஷன் என்றொரு குறுக்குவழி இருக்கிறது: ஒரு பயனரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும்படி லோட் பேலன்சரிடம் சொல்லிவிடுவது. பழைய ஆப் ஒன்றை அவசரமாகக் காப்பாற்ற இது உதவும். ஆனால் அந்த சர்வர் போனால் அதில் இருந்த எல்லோரும் லாக்அவுட், ஒவ்வொரு டிப்ளாயும் ஒரு லாக்அவுட் திருவிழா, சுமையும் சமமாகப் பிரியாது. நோய் அப்படியே இருக்கும், வலி மட்டும் குறையும்.

ஜேடபிள்யூடி டோக்கன், அதாவது பயனர் யார் என்பதைத் தன்னுள்ளேயே கொண்ட கையெழுத்திட்ட சீட்டு பற்றிக் கேள்வி வரும். 2015-ல் தரப்படுத்தப்பட்டது அது. சர்வரில் எதையும் சேமிக்காமலே கையெழுத்தைச் சரிபார்த்து ஆளை அடையாளம் காணலாம், உண்மைதான். ஆனால் வேலையை விட்டுப் போனவரின் டோக்கனை உடனே செல்லாததாக்க வேண்டுமென்றால், செல்லாத டோக்கன்களின் பட்டியலை எங்காவது வைத்து ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் பார்க்கவேண்டி வரும். பட்டியல் வந்ததும் ஸ்டேட் திரும்பி வந்துவிட்டது. ஒரு சாதாரண வெப்சைட்டுக்கு ரெடிஸ் செஷனே எளிது என்பது என் அபிப்பிராயம்.

ஏற்றிய ஃபைல்கள்

பயனர் படம் ஏற்றுகிறார், ஆப் அதை அப்லோட்ஸ் ஃபோல்டரில் எழுதுகிறது. படம் சர்வர் ஒன்றில் மட்டும் இருக்கிறது. பார்க்க வரும் ரிக்வெஸ்ட் சர்வர் இரண்டுக்குப் போனால் 404, அதாவது "இல்லை" என்ற பதில். கன்டெய்னராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், அடுத்த டிப்ளாயில் எல்லாப் படங்களும் ஒரேயடியாகப் போய்விடும்.

இரண்டு சர்வருக்கும் பொதுவான நெட்வொர்க் டிஸ்கை மாட்டுவது ஒரு வழி. புரோகிராமை மாற்றாமல் தப்பிக்கலாம், ஆனால் சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் என்றால் வேகம் இழுக்கும். புதிதாக எழுதும் ஆப்புக்கு, ஃபைல்களை நெட்வொர்க் வழியாகப் போட்டு எடுக்கும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்தான் சரி. அமேசான் 2006-ல் கொண்டுவந்த எஸ்3 இதற்கு முன்மாதிரி. இன்று எல்லா கிளவுடிலும் இதற்கு இணையான சேவை இருக்கிறது.

ஃபைலை உங்கள் சர்வர் வழியாக இழுத்து மறுபடி ஸ்டோரேஜுக்குத் தள்ளவேண்டிய அவசியமும் இல்லை. வேலை நடக்கவேண்டிய வரிசை இது. பிரவுசர் முதலில் "ஒரு படம் ஏற்றப்போகிறேன், இந்த வகை, இவ்வளவு அளவு" என்று உங்கள் சர்வரிடம் சொல்கிறது. சர்வர் லாகினையும் வகையையும் அளவையும் சரிபார்த்து, ஃபைலுக்கு ரேண்டமான ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, 5 அல்லது 10 நிமிடம் மட்டும் செல்லுபடியாகும் கையெழுத்திட்ட முகவரி ஒன்றைத் திருப்பித் தருகிறது. பிரவுசர் அந்த முகவரிக்கு நேரடியாக ஃபைலை அனுப்புகிறது. முடிந்ததும் சர்வருக்குத் தகவல் சொல்கிறது. சர்வர் ஸ்டோரேஜில் ஃபைல் உண்மையிலேயே இருக்கிறதா, அளவு சரிதானா என்று பார்த்த பிறகே டேட்டாபேஸில் வரியைச் சேர்க்கிறது.

பயனர் கொடுத்த ஃபைல் பெயரை ஸ்டோரேஜில் அப்படியே வைக்காதீர்கள். இரண்டு பேர் ஒரே பெயரில் படம் ஏற்றினால் ஒன்று மற்றதை அழித்துவிடும். அசல் பெயரை டேட்டாபேஸில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

முதல் தடவை செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் கிட்டத்தட்ட எப்போதும் இவைதான். பக்கெட்டில் (ஸ்டோரேஜில் ஃபைல்கள் இருக்கும் தொகுப்பு) கார்ஸ் அனுமதி, அதாவது வேறு தளத்தின் பக்கத்திலிருந்து வரும் ரிக்வெஸ்ட்டை ஏற்கும் அனுமதி, வைக்காததால் பிரவுசரே ரிக்வெஸ்ட்டைத் தடுத்துவிடும். அதே முகவரிக்கு கமாண்ட் லைனிலிருந்து அனுப்பினால் போகும், அதைப் பார்த்துக் குழம்புவார்கள். அடுத்தது, கையெழுத்திடும்போது சொன்ன கன்டென்ட் டைப்பும் பிரவுசர் அனுப்பும் கன்டென்ட் டைப்பும் ஒன்றாக இல்லாததால் வரும் 403 (அனுமதி மறுப்பு). மூன்றாவது, பாதியில் கைவிட்ட ஃபைல்கள் சத்தமில்லாமல் குவிவது. முதலில் தற்காலிகமான ஒரு முன்னொட்டின் கீழ் ஏற்றி, உறுதியான பிறகு இடம் மாற்றி, தற்காலிக இடத்தில் 1 நாளுக்கு மேல் இருப்பதைத் தானாக அழிக்கும் விதியைப் பக்கெட்டில் போட்டுவிடுங்கள்.

டெம்ப் ஃபோல்டரையே தொடக்கூடாதா? தாராளமாகத் தொடலாம், ஒரே ரிக்வெஸ்ட்டுக்குள் எழுதிப் படித்து அழிப்பதாக இருந்தால். வழுக்குவது இரண்டு கட்டமாக நடக்கும் வேலைகளில். முதல் திரையில் சிஎஸ்வி ஃபைலை ஏற்றுகிறார், சர்வர் டெம்பில் வைத்து முன்னோட்டம் காட்டுகிறது, "உறுதி செய்" பட்டனை அழுத்தும்போது ரிக்வெஸ்ட் இன்னொரு சர்வருக்குப் போய் "ஃபைல் இல்லை" என்கிறது. இரண்டு ரிக்வெஸ்ட்டுகளுக்கு இடையில் வாழவேண்டிய எந்த ஃபைலுக்கும் டெம்ப் இடமில்லை.

இரண்டு தடவை போகும் மெயில்

காலை 6 மணிக்கு ஓடும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஆப்போடு சேர்ந்தே எல்லா சர்வரிலும் ஏறியிருக்கிறது. இரண்டு சர்வர் என்றால் இரண்டு மெயில், பத்து சர்வர் என்றால் பத்து. பலர் உடனே செய்வது, "சர்வர் ஒன்றாக இருந்தால் மட்டும் ஓடு" என்று ஒரு நிபந்தனை எழுதுவது. கூட்டத்துக்கேற்ப சர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங்கில் "சர்வர் ஒன்று" என்று நிலையாக யாரும் இருப்பதில்லை, அன்று காலை அது இல்லாவிட்டால் ஒரு மெயிலும் போகாது.

எளிய தீர்வு டேட்டாபேஸில் ஒரு டேபிள்: வேலையின் பெயர், தேதி, இந்த இரண்டும் சேர்ந்து ஒரே முறைதான் வரலாம் என்ற யூனிக் கட்டுப்பாடு. 6 மணிக்கு எல்லா சர்வர்களும் அந்த வரியைச் சேர்க்க முயலும். யாருடையது சேர்ந்ததோ அது வேலையைச் செய்யட்டும், மோதல் எரர் வாங்கியவை ஒதுங்கிக்கொள்ளட்டும். தேதியை ஒவ்வொரு சர்வரின் கடிகாரத்திலிருந்தும் எடுக்காமல் டேட்டாபேஸின் கடிகாரத்திலிருந்து எடுங்கள், எந்த நேர மண்டலத்தின் தேதி என்பதையும் தீர்மானித்து எழுதி வையுங்கள்.

இதில் ஓர் ஓட்டை பாக்கி இருக்கிறது. வரியைச் சேர்த்துவிட்டு, 5,000 மெயிலில் 1,800 அனுப்பிய நிலையில் அந்த சர்வர் செத்துப்போனால்? வரி இருப்பதால் வேறு யாரும் தொடமாட்டார்கள். எனவே பெறுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, அதில் "காத்திருக்கிறது", "அனுப்பியாயிற்று" என்ற நிலை என்று வைத்துக்கொள்வது நல்லது. எத்தனை வொர்க்கர் வேண்டுமானாலும் ஆளுக்கு 50 வரிகளாகப் பூட்டி எடுத்து அனுப்பலாம். போஸ்ட்கிரெஸில் 9.5 வெர்ஷனிலிருந்து, வேறொருவர் பூட்டிய வரிகளைத் தாண்டிப் போய் அடுத்தவற்றை எடுக்கும் வசதி இருக்கிறது. சிறிய ஆப்புக்கு, வேலைகளை வரிசையில் வைத்துக் கொடுக்கும் தனி க்யூ சர்வரே தேவைப்படாது, இதுவே க்யூ.

அப்படியும், மெயில் போன பிறகு, நிலையை எழுதுவதற்குள் சர்வர் சாகலாம். அந்த ஒரு மெயில் இரண்டு தடவை போகும். மெயிலுக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. பணம் சம்பந்தப்பட்ட வேலை என்றால், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் மாறாத ஓர் எண்ணை நீங்களே உருவாக்கி பேமென்ட் சேவைக்கு அனுப்புங்கள். அதே எண் இரண்டாம் முறை வந்தால் பழைய பதிலையே தரும் ஏற்பாடு பெரும்பாலான பேமென்ட் சேவைகளில் இருக்கிறது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் கிரான் வசதியும், கிளவுட் ஷெட்யூலர்களும் எப்போதாவது ஒரு வேலையை இருமுறை தொடங்கக்கூடும் என்று அவற்றின் ஆவணங்களே சொல்கின்றன. அவற்றுக்கு மாறினாலும் இந்தக் காப்பு தேவை.

மெமரியில் ஒளிந்திருக்கும் மற்றவை

ரேட் லிமிட்டின் (ஒருவர் எத்தனை ரிக்வெஸ்ட் அனுப்பலாம் என்ற வரம்பு) எண்ணிக்கையை மெமரியில் வைத்தால், நிமிடத்துக்கு 100 என்று போட்ட வரம்பு 4 சர்வரில் 400 ஆகிவிடும். ரெடிஸில் ஒரு கவுன்டரும் 60 விநாடி ஆயுளும் போதும்.

கேஷ் கொஞ்சம் வேறு. தொலைந்தால் பரவாயில்லை என்பதால் அதை லோக்கல் மெமரியில் வைப்பதில் தவறில்லை. ஆனால் அட்மின் ஒரு விலையை மாற்றிய பிறகு, ரிஃப்ரெஷ் செய்யச் செய்ய பழைய விலையும் புதிய விலையும் மாறி மாறித் தெரியும், ஏனென்றால் மாற்றம் வந்த சர்வர் மட்டும் தன் கேஷை அழித்திருக்கும். 30 விநாடி போன்ற குறுகிய ஆயுள் கொடுத்துவிட்டு அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அல்லது அந்தத் தகவலைப் பொதுவான ரெடிஸுக்கு மாற்றலாம்.

சர்வரோடு தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பான வெப்சாக்கெட்டில் சாட் எழுதியிருந்தால், ஒரு நண்பர் சர்வர் ஒன்றோடும் மற்றவர் சர்வர் இரண்டோடும் இணைந்திருப்பார்கள், செய்தி போய்ச் சேராது. சர்வர்களுக்கு இடையில் ரெடிஸின் பப்-சப் போன்ற ஒரு பொது வாய்க்கால் வேண்டும்.

டேட்டாபேஸ் இணைப்புகளின் கணக்கு

ஸ்டேட்டை எல்லாம் வெளியே தள்ளியதும் சுமை டேட்டாபேஸின் தலையில் விழுகிறது. போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிக்கும் இணைப்புகள் 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்கென்று ஒதுக்கப்பட்டவை. உங்கள் ஆப்பில் சர்வருக்கு 4 புராசஸ், புராசஸுக்கு 10 இணைப்புள்ள பூல் (திறந்தபடி வைத்து மறுபடி பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு) என்றால் ஒரு சர்வருக்கு 40. இரண்டு சர்வருக்கு 80, உள்ளே அடங்குகிறது. டிப்ளாயின்போது புதிய சர்வர்கள் இரண்டும் பழையவை இரண்டும் சேர்ந்து ஓடும், அப்போது 160. டிப்ளாய் நேரத்தில் மட்டும் "க்ளையன்ட்கள் ஏற்கெனவே அதிகம்" என்ற எரர் வருகிறதென்றால் முதலில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

வரம்பை 1,000 என்று ஏற்றிவிடுவது நல்ல தீர்வாகாது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு தனி புராசஸ், மெமரி தின்னும். பூலை 3 அல்லது 4 ஆகக் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் நடுவில் பிஜிபவுன்சர் போன்ற பூலரை வையுங்கள்.

சர்வரை ஒழுங்காக நிறுத்துவது

சர்வர்கள் வந்துபோகும் பொருள் ஆனபிறகு, போகும் விதமும் முக்கியம். கன்டெய்னர்களை ஓட்டும் கருவியான டாக்கர் ஒரு கன்டெய்னரை நிறுத்தும்போது முதலில் சிக்டெர்ம் என்ற சிக்னலை அனுப்பி, 10 விநாடி காத்திருந்து, பிறகு வலுக்கட்டாயமாகக் கொல்லும். குபர்நெட்டிஸில் அந்த அவகாசம் இயல்பாக 30 விநாடி. சிக்னல் வந்ததும் ஆப் புதிய இணைப்புகளை ஏற்பதை நிறுத்தி, கையிலிருக்கும் ரிக்வெஸ்ட்டுகளை முடித்து, டேட்டாபேஸ் இணைப்புகளை மூடிவிட்டு வெளியேற வேண்டும்.

ஒவ்வொரு டிப்ளாயும் சொல்லிவைத்தாற்போல 10 விநாடியோ 30 விநாடியோ தொங்கி நிற்கிறதென்றால், சிக்னல் உங்கள் ஆப்பை எட்டவே இல்லை என்று பொருள். கன்டெய்னரை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் டாக்கர்ஃபைலில் தொடக்கக் கட்டளையை வெறும் வரியாக எழுதும்போது அது ஒரு ஷெல்லுக்குள் ஓடுகிறது. புராசஸ் எண் 1 ஆக இருக்கும் ஷெல், பல இமேஜ்களில் சிக்னலைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளும். கட்டளையைச் சதுர அடைப்புக்குள் பட்டியலாக எழுதினால் ஆப் நேரடியாக எண் 1 ஆகும், சிக்னல் போய்ச் சேரும். ஒரு வரி மாற்றம்தான், நிறைய பேரின் மர்ம 502 எரர்கள் (பின்னாலிருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்று லோட் பேலன்சர் சொல்வது) இதோடு போய்விடும்.

போகாத 502 ஒன்று உண்டு. அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சர், சும்மா இருக்கும் இணைப்பை இயல்பாக 60 விநாடி திறந்து வைத்திருக்கும். நோட் ஜேஎஸ் சர்வரின் இயல்பு 5 விநாடி. சர்வர் இணைப்பை மூடும் அதே கணத்தில் லோட் பேலன்சர் அதில் ஒரு ரிக்வெஸ்ட்டை அனுப்பிவிட்டால் பயனருக்கு 502. ஆயிரத்தில் ஒன்று என்று வரும், லாகில் ஆப் பக்கம் எந்தத் தடயமும் இருக்காது. சர்வரின் காத்திருப்பை லோட் பேலன்சருடையதைவிட அதிகமாக, 65 விநாடி போல வையுங்கள்.

சர்வர் நலமாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கும் ஹெல்த் செக்கில் டேட்டாபேஸைத் தொடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்யத் தூண்டும் செக் என்றால் தொடாதீர்கள் என்பேன். டேட்டாபேஸ் ஒரு நிமிடம் மூச்சு வாங்கினால் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி எழுந்து, எல்லாம் சேர்ந்து அதே டேட்டாபேஸின்மேல் விழும். நோயாளியின் மேல் ஏறி மிதிப்பது போலத்தான்.

பழையதும் புதியதும் ஒரே நேரத்தில்

டிப்ளாயின் நடுவே இரண்டு வெர்ஷன்கள் ஒரே டேட்டாபேஸைப் பயன்படுத்துகின்றன. டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை நேரடியாக மாற்றினால், பழைய வெர்ஷன் அந்த நொடியே உடையும். புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது முதல் டிப்ளாய். இரண்டிலும் எழுதுவது அடுத்தது. பழைய வரிகளை ஆயிரம் ஆயிரமாக நிரப்பிய பிறகு, புதியதிலிருந்து படிப்பது மூன்றாவது. பழையதில் எழுதுவதை நிறுத்துவது நான்காவது. கடைசியில்தான் பழைய நெடுவரிசையை நீக்குவது. அலுப்பான வேலைதான். ஆனால் எந்தக் கட்டத்திலும் ஒரு படி பின்வாங்க முடியும்.

ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களிலும் இதே சிக்கல் வரும். புதிய சர்வர் கொடுத்த பக்கம், பெயரில் புதிய ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியீடு) உள்ள ஃபைலைக் கேட்கிறது. அந்த ரிக்வெஸ்ட் பழைய சர்வருக்குப் போனால் 404, பயனருக்கு வெள்ளைத் திரை. ஆகவே டிப்ளாய்க்கு முன்பே புதிய ஃபைல்களை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் ஏற்றிவிடுங்கள். பழையவற்றையும் சில நாள்களுக்கு விட்டுவையுங்கள், திறந்தபடியே கிடக்கும் டேப்கள் அவற்றைக் கேட்கும்.

லேப்டாப்பிலேயே சோதிக்க

இவற்றில் பெரும்பாலானதைக் கண்டுபிடிக்கக் கிளவுட் தேவையில்லை. பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸில் உங்கள் ஆப்பின் இரண்டு பிரதிகளை ஓட்டி, முன்னால் லோட் பேலன்சராக ஒரு என்ஜின்எக்ஸ் வையுங்கள். அது இயல்பாகவே ரிக்வெஸ்ட்டுகளை மாற்றி மாற்றி அனுப்பும். எந்தப் பிரதி பதில் சொன்னது என்பதை ரெஸ்பான்ஸ் ஹெடரில் எழுத ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

லாகின் செய்து 10 தடவை ரிஃப்ரெஷ் செய்யுங்கள். ஒரு படத்தை ஏற்றி 10 தடவை திறந்து பாருங்கள். 5 விநாடி எடுக்கும் ஒரு ரிக்வெஸ்ட்டை அனுப்பிவிட்டு, அது முடிவதற்குள் அதைக் கையாளும் பிரதியை நிறுத்துங்கள். பதில் முழுசாக வரவேண்டும். இரண்டு பிரதிகளையும் அழித்துப் புதிதாக உருவாக்கிய பின்னும் லாகின் நிலைத்திருக்க வேண்டும். கிரான் வேலையின் நேரத்தை இரண்டு நிமிடம் தள்ளி வைத்து, லாகில் எத்தனை தடவை ஓடியது என்று எண்ணுங்கள்.

கடைசியாக, கன்டெய்னர்களின் ஃபைல் சிஸ்டத்தையே படிக்க-மட்டும் நிலையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். டாக்கரில் அதற்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது; டெம்ப் ஃபோல்டருக்கு மட்டும் மெமரியில் ஓர் இடம் கொடுத்துவிடலாம். ஆப்பின் எந்த மூலையில் யார் டிஸ்கில் எழுதினாலும் அந்த இடத்திலேயே எரர் எழும். முதல் ஓட்டத்தில் லாக் ஃபைல், செஷன் ஃபைல், தம்ப்நெயில் உருவாக்கும் லைப்ரரி, பிடிஎஃப் எழுதும் லைப்ரரி என்று ஒரு பட்டியலே வரும். லாக்கைக் கன்சோலுக்குத் திருப்புங்கள், கிளவுட் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மற்றவற்றில், அந்த ரிக்வெஸ்ட்டோடு முடிந்துபோகும் ஃபைல்களை டெம்புக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருப்பதை ஒவ்வொன்றாக வெளியே மாற்றத் தொடங்கலாம்.